மச்சுத் தாளில் விழுந்த விரிசல்

கரிசலில் கட்டின வீடு சும்மா இருக்காது. வெயில் காலத்தில் மண் பிளக்கும், வீடும் பிளக்கும். மழை விழுந்தால் மண் ஊதும், சுவர் நெருங்கி வரும். எங்கள் வீட்டு நடு அறைக் கதவைப் பங்குனியில் சாத்தினால் இடுக்கில் விரல் நுழையும். கார்த்திகையில் தோளால் இடித்தால்தான் திறக்கும். கல்யாணமாகி வந்ததிலிருந்து பார்க்கிறேன். இதில் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் இருந்தேன்.

அந்த அறைக்கு மரப்பலகை மச்சு. பலகைக்கு மேலே மண் போட்டிருக்கிறது. இடுக்கு வழியாகத் தூசி கொட்டாமல் இருக்க, என் மாமனார் பலகைக்கு அடியில் துணி அடித்து, அதன்மேல் தாள் ஒட்ட வைத்திருக்கிறார். தூத்துக்குடிக்குப் பருத்தி ஏற்றிப் போன வண்டி திரும்பி வரும்போது கொண்டுவந்த தாளாம். நீலக் கொடி, கொடிக்கு ஒரு சின்னப் பறவை. எல்லாப் பறவையும் வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கும்.

போன வருசம் தை மாசம் எங்க வீட்டுக்காரருக்குக் கையும் காலும் விழுந்துவிட்டது. பேச்சும் போச்சு. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். நாம் கேட்கிறதுக்குக் கண்ணை மூடித் திறந்தால் சரி, மூடாமல் பார்த்தால் வேண்டாம். பேர் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, எனக்கு எப்பவும் ‘அவிய’தான். அவியளுக்கு நடு அறையில் கட்டில் போட்டோம். ஜன்னல் அங்கேதான் இருக்கிறது. கட்டிலை வேறு அறைக்கு நகர்த்தினால் தெருவே கூடுகிற மாதிரி ஒரு சத்தம் போடுவாவ.

மல்லாந்து கிடக்கிறவருக்கு மச்சைத் தவிர பார்க்க என்ன இருக்கு? அந்தக் கோடையில் தாளில் விரிசல் விழுந்தது. வாசல் பக்கத்து உத்திரத்தில் ஆரம்பித்துக் கட்டிலைப் பார்த்து வந்தது. காலையில் எழுந்தால் அவிய நெற்றியில் கருப்பாய்த் தூசி கிடக்கும். துடைப்பேன். மறுநாளும் கிடக்கும். வைகாசி பிறக்கும்போது விரிசல் சரியாக அவிய முகத்துக்கு நேரே வந்து நின்றது. அதைத் தாண்டிப் போகவில்லை.

அவிய அக்கா, எனக்கு மைனி, பக்கத்து வீடுதான். வந்து அண்ணாந்து பார்த்தவுடன் மைனி குரலைத் தாழ்த்திவிட்டாவ.

“ஏட்டி, இது ஒட்டுத விரிசல் இல்ல. இப்படிக் கிடக்கவுகளுக்குத் தலைக்கு மேல வழி இருந்தாத்தான் உசிரு சங்கடப்படாமப் போவும். எங்க சித்தப்பாவுக்குக் கூரையில ரெண்டு ஓட்டைக் கழட்டி விட்டோம்லா?”

நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்: வழி இருந்தால்தானே போவாவ? அடைத்துவிடுகிறேன்.

ஒட்டுகிற வேலை எனக்குப் புதுசில்லை. கல்யாணத்துக்கு முன்னால் வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டினவள். மைதா மாவில் துத்தம் போட்டுப் பசை காய்ச்சினேன், துத்தம் போட்டால் பூச்சி அண்டாது. இந்த மாதிரித் தாள் இப்போது கோவில்பட்டிக் கடைகளில் ஏது? மிச்சத் தாளை மாமனார் சுவர் அலமாரிக்குள் ஒட்டியிருந்தார். வெந்நீர்த் துணி வைத்து ஊற விட்டு, அதை உரித்து எடுத்தேன். இருட்டிலேயே இருந்த தாள், நீலம் பளிச்சென்று இருந்தது. தேயிலைத் தண்ணியில் முக்கி நிழலில் காயப் போட்ட பிறகு மச்சின் நிறத்துக்கு வந்தது. பழைய வேட்டியைப் பட்டையாய்க் கிழித்து முதலில் விரிசலுக்குக் குறுக்கே இழுத்து ஒட்டினேன். அது காய்ந்த பிறகு தாள்.

மைனி வாய் சும்மா இருக்காது, ஆனாலும் பெஞ்சைப் பிடிக்க வந்தாவ.

“மெதுவா ஏறுட்டி. நீயும் விழுந்து தொலைச்சா ரெண்டு பேருக்கும் நான்தான் பீத்துணி அலசணும்.”

“கொஞ்சம் அழுத்திப் பிடிங்க மைனி, ஆடுது.”

“பெஞ்சு ஆடல. ஒன் காலுதான் ஆடுது.”

இறங்கி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. நீளம் பத்தவில்லை என்று திருப்பித் திருப்பிப் பார்த்ததில் தாள் பட்டையைத் திசை மாற்றி ஒட்டியிருக்கிறேன். மச்சில் இருக்கிற பறவையெல்லாம் வாசலைப் பார்க்க, என் பட்டையில் இருந்தவை மட்டும் அவிய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. மைனியும் பார்த்தாவ. உடனே பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாவ.

ஐப்பசியில் மழை பிடித்தது. வீடு விரிந்து கிடந்த நேரத்தில் ஒட்டியிருக்கிறேனே என்று அப்போதுதான் உறைத்தது. மண் ஊதி, சுவர் நெருங்கி, பலகையோடு பலகை முட்டிக்கொள்ள, என் பட்டை துணியோடு சேர்ந்து மடங்கி, கட்டிலுக்கு மேலே உதடு மாதிரி தொங்கியது.

ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாள் ஏறி இறங்கியது. காற்று என்று ஜன்னலைச் சாத்தினேன். அப்பவும் ஏறி இறங்கியது. கீழே பார்த்தேன். அவிய நெஞ்சும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ரெண்டும் சேர்ந்தாற்போல.

அவியளுக்குச் சில நேரம் மூச்சு நடுவில் நின்று, பிறகு வரும். டாக்டரும் சொல்லியிருக்கிறார். அன்றைக்கும் நின்றது. மேலே பார்த்தேன். தாளும் நின்றிருந்தது. அவிய மூச்சை இழுத்தாவ. தாள் உப்பியது.

மைனியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாசல்படியைத் தாண்டி மைனி உள்ளே வரவில்லை.

“அடைச்சேல்லா, இப்பப் பாரு. பாதி உள்ள, பாதி வெளியன்னு உசிரு இழுத்துக்கிட்டுக் கிடக்கு. அறுத்து விடுட்டி.”

“அறுத்தா என்ன ஆகும் மைனி?”

“எனக்கு மட்டும் தெரியுமா? எந்தம்பிதான அவன். இப்படிக் கிடக்கதைப் பாக்க எனக்கு ஏலல.”

நான் அறுக்கவில்லை. அவிய சாப்பாட்டை நிறுத்திவிட்டாவ. வாயில் ஊற்றினால் கடைவாயில் வழியும். கண் அந்தத் தாளை விட்டு நகராது. இடது கையைத் தூக்கித் தூக்கி மேலே காட்டுவாவ. கை வரவர மெலிந்துகொண்டே வந்தது. பட்டினியிலேயே போய்விடுவாவ என்ற பயம் மற்றப் பயத்தையெல்லாம் தள்ளிவிட்டது. ஒரு காலையில் கத்திரிக்கோலோடு கட்டில் பக்கத்தில் போய் நின்றேன்.

“அறுக்கட்டுமா?”

கண்ணை மூடித் திறந்தாவ.

“போயிருவியளா?”

கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்தாவ. அது ‘இல்லை’யா, சும்மா பார்த்த பார்வையா, எனக்குத் தெரியவில்லை.

மைனி பெஞ்சைப் பிடிக்க, ஏறி அறுத்தேன். கருந்தூசி கொட்டியது. தாள் ரெண்டாய்ப் பிரிந்து அசையாமல் தொங்கியது. இறங்கி அவிய நெஞ்சில் கை வைத்தேன். எவ்வளவு நேரம் வைத்திருந்தேனோ. என் கை ஏறி இறங்கியது.

அன்றைக்கே கஞ்சி குடித்தாவ. மறுநாள் இட்லி. மைனிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

“வழியை விட்டா போவான்னு பாத்தா, பய காத்து வாங்கிட்டுல்லா கிடக்கான்!”

நானும் சிரித்தேன். போகிறதுக்கு விட்ட வழி வருகிறதுக்கும் வழிதான் என்று அப்போது தோன்றவில்லை.

மார்கழியிலிருந்து மத்தியானம் ஆனால் அவிய கட்டிலின் சுவர் ஓரத்துக்கு ஒதுங்கிக் கிடக்கிறாவ. கையும் காலும் விழுந்தவர் எப்படி ஒதுங்குகிறார் என்று நான் கண்டதில்லை. நான் அடுப்படியிலிருந்து வந்து பார்க்கும்போது ஒதுங்கித்தான் இருப்பாவ. பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் இருக்கும். முகம் அந்த இடத்தைப் பார்த்திருக்கும். முகத்தில் பயம் இருந்தால்கூட எனக்குத் தேவலை. இருக்காது. யாரோ வந்து உட்கார்ந்து பேச, அதைக் கேட்கிற மாதிரி இருக்கும்.

“யாருக்கு இடம் விட்டிருக்கிய?” என்று ஒரு நாள் கேட்டேன். கண் என் பக்கம் திரும்பவேயில்லை.

மைனியிடம் இதைச் சொல்லவில்லை. மறுபடி ஒட்டவும் பயம், ஒட்டாமல் விடவும் பயம். இத்தனை வருசத்தில் பகல் நேரத்தில் அவிய கட்டிலில் நான் உட்கார்ந்ததில்லை. யாராவது வந்தால் என்ன நினைப்பார்களோ என்று கூச்சம். இப்போது சட்டியைக் கழுவிக் கவிழ்த்த ஈரக் கையோடு போய், அந்த இடத்தில் நானே உட்கார்ந்துகொள்கிறேன். விரிப்பு அங்கே மட்டும் சில்லென்று இருக்கும். கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் இருந்தால் சூடாகிவிடுகிறது.