அத்தை வீட்டுப் பாத்திரங்கள்

நன்றி சொல்வதைத் தினசரிப் பழக்கமாக்கிக்கொள்வது என்று போன மே மாதக் கடைசியில் முடிவெடுத்தேன். ஃபோனில் ஒரு ஆன்லைன் வகுப்பு. தினமும் யாருக்காவது, எதற்காக என்று காரணம் சொல்லி, முகத்தைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்றார்கள். எனக்கு எதையும் பாதியாகச் செய்ய வராது. மறுநாள் காலையே ஆரம்பித்துவிட்டேன்.

தென்காசியில் அது அவ்வளவு சுலபமாக இல்லை. "மழையானாலும் நேரத்துக்குப் பால் கொண்டு வாறதுக்கு ரொம்ப நன்றி அண்ணாச்சி" என்று பால்காரரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிப்போனது. "ஏம்மா, நாளையிலேருந்து பாக்கெட் பாலா?" என்றார். இல்லை என்று நம்பவைத்து அனுப்பப் பெரும்பாடாகிவிட்டது. அப்பாவிடம் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, "என்ன வேணும், நேராச் சொல்லு" என்றார். நான் அசரவில்லை. புதுப் பழக்கம் என்றால் ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள்.

உண்மையில் நான் நன்றி சொல்ல வேண்டிய ஆள் பக்கத்து வீட்டு அத்தை. சொந்தம் கிடையாது. அம்மாவும் அவளும் ஒருவரையொருவர் மதினி என்று கூப்பிட்டுக்கொள்வார்கள், அதனால் எனக்கு அத்தை. மாசி மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு போட்டபோது, நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்றுதான் பேர், ஹெட்போனும் மீட்டிங்குமாக இருந்தேன். அம்மாவைக் குளிப்பாட்டியது, தலை பின்னிவிட்டது, தூக்குச்சட்டியில் குழம்பு கொண்டுவந்தது எல்லாம் அத்தைதான். கட்டுப் பிரித்த பிறகு நடந்து பழகச் சொன்னார் டாக்டர். அம்மாவுக்குப் பயம். சாயங்காலம் அத்தை வந்து கையைப் பிடித்தால்தான் தெருமுனை வரை போவாள். என் கையைக் கொடுத்தால், "நீ ஓடுவே" என்பாள்.

ஆகவே அத்தைக்கு முறையாகச் செய்தேன். நல்ல சேலை ஒன்று எடுத்தேன். தாம்பாளத்தில் பழம், பூ. செய்த உதவியை எல்லாம் வரிசையாகச் சொல்லி நன்றி சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். போவதற்கு முன்பே எங்கள் அடுக்களையில் அவர்கள் வீட்டுப் பாத்திரங்கள் கண்ணில் பட்டுவிட்டன. தூக்குச்சட்டி, இட்லித் தட்டு, எவர்சில்வர் கிண்ணங்கள், எந்தக் காலத்திலோ வந்து எங்கள் அகப்பையாகவே ஆகிவிட்ட அகப்பை. எல்லாவற்றையும் பளபளவென்று தேய்த்துக் கழுவித் துடைத்து, ஒரு கட்டைப்பையில் அடுக்கி, தாம்பாளத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள்.

அத்தை பையைப் பார்த்தாள். "எல்லாமா?" என்று கேட்டாள்.

"எல்லாம் அத்தை. ஒண்ணு விடல" என்றேன், பெருமையாக.

மறுநாள் காலை அந்த வீட்டு மாமா எங்கள் பாத்திரங்களைக் கொண்டுவந்து மதில்மேல் வைத்துவிட்டுப் போனார். பொங்கல் பானை, வடிதட்டு, எங்களுடையது என்றே நான் மறந்துபோயிருந்த ஒரு டிபன் கேரியர். எல்லாம் கழுவித் துடைத்தது. அன்று சாயங்காலம் அத்தை வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தெருவில் பார்த்தால் சிரித்தாள், "கால் எப்படி இருக்கு?" என்று விசாரித்தாள், போய்விட்டாள். அம்மா நாற்காலியை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நடக்கவில்லை. "நீயே போய்ப் பேசும்மா" என்றேன். "தூங்கி எந்திரிச்சா அடுக்களை காலியாக் கிடக்கு. நான் என்னன்னு போய்ப் பேச?" என்றாள்.

அதற்குள் சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். மதுரையிலிருந்து அத்தையின் தங்கை குடும்பம் வருஷாவருஷம் வரும். அத்தை வீட்டில் இடம் பற்றாது. சாப்பாடு அங்கே, படுக்கை எங்கள் மாடியில். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான். அம்மா போன வாரமே என்னை விரட்டிப் பாய்களை வெயிலில் போடவைத்திருந்தாள்.

சனிக்கிழமை மதியம் அப்பா வந்து சொன்னார். "அவங்க வீட்டு ஆளுக வந்துட்டாங்க. ஐந்தருவிப் பக்கம் லாட்ஜ் போட்டிருக்காங்களாம்."

"லாட்ஜா?" என்றாள் அம்மா. மெல்ல எழுந்து, நாற்காலியையும் சுவரையும் பிடித்துக்கொண்டு மாடிப்படி வரை போனாள். படியைப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இலஞ்சி தாண்டும்போதே சாரல் முகத்தில் அடித்தது. ஐந்தருவிச் சாலையில் வேன்கள் நகரவே இல்லை. மூன்றாவது லாட்ஜில் ஆட்களைக் கண்டுபிடித்துவிட்டேன். அத்தையின் தங்கை, நான் சித்தி என்றே கூப்பிட்டுப் பழகியவள், சித்தப்பா, இரண்டு பிள்ளைகள். ஒற்றை அறைக்குள் ஈரத்துண்டைக் காயப்போட இடமில்லாமல் ஃபேன் மேல் போட்டுவைத்திருந்தார்கள்.

"ஏன் சித்தி இங்கன வந்து கெடக்கிய?"

"நான் கேட்டேன்ட்டி. மாடி இருக்குல்லா, லாட்ஜ் எதுக்குன்னு. அக்கா ஒத்துக்கிடல. 'அவங்க நம்ம சட்டி பானையக்கூட மிச்சம் வைக்காமத் திருப்பிக் கொடுத்துட்டாங்க, இனி எந்த மூஞ்சிய வச்சு அங்க போய் இடம் கேக்க?'ன்னுட்டா. உங்களுக்குள்ள என்ன சண்டை?"

"சண்டை இல்ல சித்தி. நன்றி சொன்னேன்."

சித்தப்பா சத்தமாகச் சிரித்தார். "நன்றிக்கே லாட்ஜுன்னா, சண்டை போட்டா எங்கள மதுரைக்கே அனுப்பிருவியோ?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆட்டோவைப் பிடித்துப் பெட்டிகளை ஏற்றினேன். லாட்ஜ்காரர் முன்பணம் திரும்பக் கிடைக்காது என்றார். நாளைக்குச் சுந்தரபாண்டியபுரம் கூட்டிப்போய் சூரியகாந்திக்கு நடுவில் ஃபோட்டோ எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிச் சித்தப்பாவைச் சமாதானப்படுத்தினேன்.

ஆட்டோ எங்கள் வாசலில் நின்றதும் அத்தை வெளியே வந்தாள். பெட்டிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யாரைக் கேட்டுட்டி கூட்டிட்டு வந்தே?"

"யாரையும் கேக்கல. நீங்க அம்மாவக் குளிப்பாட்ட எங்களக் கேட்டுட்டா வந்திய?"

"வாய் மட்டும் காதுவரைக்கும் இருக்கு." சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "சேலை எடுக்கத்தான் தெரியல. சாணி மெழுகுன பச்சையில எவளாவது எடுப்பாளா?"

"மாத்தித் தாறேன் அத்தை. இப்ப தலகாணி ரெண்டு குறையுது. அப்புறம் இட்லித் தட்டு வேணும். இத்தன பேருக்கு எங்க தட்டு காணாது."

அத்தை உள்ளே போய் இட்லித் தட்டை எடுத்துவந்தாள். அதை என் கையில் கொடுக்கவில்லை. அவளே எங்கள் வீட்டுக்குள் போனாள். "மதினி, இவளை எப்படி வளத்து வச்சிருக்கிய?" என்று கேட்பது வாசல்வரை கேட்டது. "நான் எங்க வளத்தேன், நீங்கதான வளத்திய" என்றாள் அம்மா.

சாரல் விட்டதும் இருவரும் தெருமுனை வரை நடந்தார்கள். அம்மா அத்தையின் முழங்கையைப் பிடித்திருந்தாள். பிள்ளைகள் மாடிப்படியில் ரம்புட்டான் தோலை இறைத்துக்கொண்டிருந்தார்கள். கொடி முழுக்க அருவிக்குப் போய்வந்த துண்டுகள்.

வகுப்பை நான் விடவில்லை. இன்றைக்கும் யாருக்காவது சொல்கிறேன். பால்காரருக்குப் பழகிவிட்டது, "சரிம்மா" என்கிறார். அத்தையிடம் மட்டும் சொல்வதில்லை. ஏதாவது கேட்கிறேன். உறைமோர், ஊசிநூல், ஏதாவது. இன்று காலை எங்கள் குக்கரைக் காணவில்லை. எங்கே இருக்கிறது என்று தெரியும். போய்க் கேட்கவில்லை. சோற்றைப் பானையில் வடித்துக்கொண்டேன்.