பக்தவத்சலம் சாரின் இடது கால்

பக்தவத்சலம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவருடைய பேண்ட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இருபத்தைந்து வருஷமாகப் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருந்த மனுஷன். ஒரு நாளாவது அந்தப் பேண்ட்டில் ஒரு பொட்டு கிரீஸ் பட்டு நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை பூஜைக்குக் கிளம்பியவர் மாதிரி இஸ்திரி மடிப்போடு வந்து நிற்பார். கிரீஸ் எல்லாம் எங்கள் கடை மெக்கானிக் முகமது ரஃபீக் பாயின் நகக்கண்ணில் இருந்தது.

நான் ஆனந்தவல்லி. புனே கட்கி பஜாரில் தாம்ளே மோட்டார்ஸ் என்ற சர்வீஸ் ஸ்டேஷனில் ஜாப் கார்டு எழுதுகிறவள். என் வீட்டுக்காரர் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் ஸ்டோர்கீப்பர். சார் அதே டிப்போவில் ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட். தொண்ணூற்று மூன்றில் அவர் ஒரு வார்த்தை சொல்லித்தான் தாம்ளே சேட் எனக்கு இந்த வேலையைக் கொடுத்தார். ஒரு வார்த்தைதான் சொன்னார். அதை எனக்கு ஐயாயிரம் தடவை நினைவுபடுத்தினார்.

சாருக்குக் காஞ்சிபுரத்துப் பக்கம் ஏதோ ஊர். அறுபத்தாறில் குமாஸ்தாவாகப் புனேவுக்கு வந்தார். எழுபத்து மூன்றில் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளை ஏலம் போட்டபோது ஒரு பி.எஸ்.ஏ.வை எடுத்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து வண்டி. அதற்கு முன் அவர் வெறும் குமாஸ்தா. அதற்குப் பின் மேதை. பி.எஸ்.ஏ. என்று யாராவது சொல்லிவிட்டால் முகத்தைச் சுளிப்பார்.

"பீஸான்னு சொல்லணும்மா. வெள்ளைக்காரன் அப்படித்தான் சொல்லுவான்."

நல்லாத்தான் சொன்னான் வெள்ளைக்காரன்! இவர் என்னவோ பர்மிங்காமில் தொட்டில் போட்டு வளர்ந்தவர் மாதிரி. கார்புரேட்டரில் பெட்ரோல் வழியும்வரை அமுக்குகிற சின்னப் பொத்தானை டிக்ளர் என்பார். ஒற்றை சிலிண்டரில் தடதடக்கிற வண்டிக்குத் தம்பர். காலால் கிளட்ச், கையால் கியர் என்று ஓட்டின அந்தக் காலத்து அமெரிக்க வண்டியின் கிளட்ச்சுக்கு சூசைட் கிளட்ச். மேட்டில் நிறுத்திவிட்டுக் காலைத் தரையில் ஊன்றினால் வண்டி தானாகப் பாய்ந்துவிடுமாம், அதனால் அந்தப் பேராம். அப்படிப்பட்ட வண்டியில் அவர் உட்கார்ந்ததே இல்லை என்பதை அவர் மனைவி விசாலம் மாமி என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை வாசலில் அவருடைய கச்சேரி நடக்கும். பழைய வண்டிக்காரர்கள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். ஐ.டி. கம்பெனிப் பையன்கள் நாலு பேர் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். ஹேண்டில்பாரில் இருக்கிற ஒவ்வொரு லீவரையும் விரலால் தொட்டுத் தொட்டு விளக்குவார். இது காற்றுக்கு. இது நெருப்புப்பொறி சீக்கிரம் வரவும் தாமதமாக வரவும். இது வால்வைத் தூக்கி சிலிண்டரின் அழுத்தத்தை விட. மூன்றையும் அதனதன் இடத்தில் வைக்காமல் உதைத்தால் கிக்கர் திருப்பி உதைக்கும், கணுக்கால் போய்விடும் என்று கண்ணை உருட்டுவார். சொல்லி முடித்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வார். ரஃபீக் பாய் வந்து உதைப்பார். வண்டி கிளம்பும். பையன்கள் சாருக்குக் கை தட்டுவார்கள்.

ஒரே ஒரு தடவை அவரே உதைத்தார். பொறி லீவரைப் பின்னுக்கு இழுக்க மறந்துவிட்டார். கிக்கர் கொடுத்த கொடுப்பில் இரண்டு வாரம் நொண்டினார். ஆபீசில் மாடிப்படி தவறிவிட்டது என்று சொன்னாராம். என் வீட்டுக்காரர்தான் வந்து சொன்னார். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட முடியாமல் சிரித்தோம்.

பொய் சொன்னதைவிட எனக்கு எரிச்சலான விஷயம் வேறு ஒன்று. இந்தக் காலத்து வண்டிகளையும் அதை ஓட்டுகிறவர்களையும் அவர் பேசின பேச்சு. பழைய வண்டியில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். புது வண்டிகளில் எல்லாம் தலைகீழ்: இடது காலில் கியர், வலது காலில் பிரேக்.

"இடது காலால கியர் போடறவன்லாம் ரைடராம்மா? அது தையல் மிஷின். முன் பிரேக்குன்னு ஒண்ணு வெச்சிருக்கான் பாரு, அது அலங்காரத்துக்கு. மிதிக்கத் தெரிஞ்சவன் கையால பிரேக் போட மாட்டான்."

தொண்ணூற்றெட்டில் அவர் மகன் முரளிக்குச் சாகண் பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. அவன் அப்பாவின் ஞானத்தையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் அந்தத் தையல் மிஷினில் ஒன்றைப் புதுசாக வாங்கினான். முதல் சர்வீசுக்கு எங்களிடம் விட்டான். செய்தவர் ரஃபீக் பாய். சனிக்கிழமை சாயங்காலம் முரளிக்கு ஷிஃப்ட் என்பதால் வண்டியை எடுக்க அப்பா வந்தார்.

"இதை ஓட்டறதுக்கு ஒரு டிரெயினிங் வேற வேணுமா? சைக்கிள்மா இது" என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேதான் ஏறினார். முதல் கியரைப் போட்டார். கிளம்பினார். கடைக்குள்ளிருந்து வாசல் கேட் முப்பதடி இருக்கும். கேட்டைத் தாண்டும்போது குறுக்கே ஆறு சீட்டர் ஆட்டோ ஒன்று வந்தது.

என் கவுண்ட்டர் வாசலைப் பார்த்துத்தான் இருக்கிறது. வண்டியின் இடது பக்கம் முழுசாக எனக்குத் தெரிந்தது. சாரின் இடது கால் ஓங்கி மிதித்தது. மறுபடி மிதித்தது. மறுபடியும். அந்த வண்டியில் இடது காலால் முன்னால் மிதித்தால் அடுத்த கியர் விழும். வலது கால் சும்மா கிடந்தது. கையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அலங்காரம். ஆட்டோக்காரன் ஒடித்துத் தப்பித்தான். சார் நேராக ரோட்டைக் கடந்து எதிரே இருந்த கரும்பு ஜூஸ் கடையில் போய்ச் செருகினார். கரும்புக் கட்டு சரிந்தது, கிளாஸ் எல்லாம் நொறுங்கியது. நல்லவேளை, ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாருக்கு முழங்கையில் சிராய்ப்பு. பேண்ட்டில் கரும்புச் சாறு.

எழுந்தவுடனே முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"பிரேக் பிடிக்கல! பிரேக்கே பிடிக்கல! எவன்யா சர்வீஸ் பண்ணான்?"

ரஃபீக் பாய் ஓடிப்போய் வண்டியைத் தூக்கினார். வண்டி நகரவில்லை. கியரில் கிடந்தது. குதிகாலால் ஒவ்வொன்றாகப் பின்னால் மிதித்து எண்ணினார். நான்கு. டாப் கியர். அவர் தாம்ளே சேட்டிடம், "சேட், முப்பதடிக்குள்ள எந்த மனுஷனாவது நாலாவது கியருக்குப் போவானா?" என்று ஹிந்தியில் கேட்டார். சேட் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். கல்லு மாதிரி பிடித்தது.

சார் விடுவாரா? ஆரம்பித்துவிட்டார். உள்ளே பிரேக்கின் கேம் சிக்கியிருக்கும், விழுந்த அதிர்ச்சியில் விடுபட்டிருக்கும். கியர் லீவர் கரும்புக் கட்டில் மோதி மாறியிருக்கும். அவருக்கா வார்த்தைக்குப் பஞ்சம்! கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன் என்றார். சங்கத்து வண்டி ஒன்றுகூட இனிமேல் இந்த வாசலை மிதிக்காது என்றார். சங்கத்தில் முப்பது வண்டி. சேட்டின் முகம் மாறிவிட்டது.

அன்று சாயங்காலமே ரஃபீக் பாயை வீட்டில் இருக்கச் சொன்னார் சேட். தப்பு எங்கள் மெக்கானிக்குடையது, அவரை நீக்கிவிட்டோம் என்று வண்டிக் கம்பெனிக்கு ஒரு கடிதம் அடுத்த சனிக்கிழமை போகும், சாரும் அதில் கையெழுத்துப் போடுவார் என்று ஏற்பாடு. அந்தக் கடிதம் போனால் பாயின் பேர் எல்லா டீலருக்கும் போய்விடும். அப்புறம் புனேவில் ஒருத்தன்கூட அவரை ஒரு பிரேக்கைத் தொட விடமாட்டான். நாற்பத்தெட்டு வயசு. வேறு தொழில் தெரியாது. ஒன்பது வருஷம் அந்த பீஸாவின் ஒவ்வொரு நட்டையும் கழுவித் துடைத்து மாட்டியவர் அவர்.

நான் பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே திட்டிக்கொள்வேன். அன்று ராத்திரி சார் எங்கள் வீட்டுக்கு போன் செய்தார். "ஆனந்தவல்லி, நீ கவுண்ட்டர்லதானே இருந்தே? ஒண்ணும் பாத்திருக்க மாட்டே. நம்ம ஆளுங்க நமக்குள்ள ஒத்துமையா இருக்கணும்மா, வெளியூர்ல" என்றார். நம்ம ஆளாம்! ரஃபீக் பாய் திருநெல்வேலி மேலப்பாளையத்துக்காரர். சாரின் மகனுக்குத் தமிழில் தன் பேரை எழுத வராது. பாய் தினமும் பழைய தமிழ்ப் பத்திரிகையை எண்ணெய்க் கையோடு படித்துக்கொண்டே சாப்பிடுவார். அதெல்லாம் தெரிந்தும் நான் "சரிங்க சார்" என்றேன். வேலை வாங்கிக் கொடுத்த மனுஷனாச்சே என்று நினைத்தேன். சீ!

சனிக்கிழமை வந்தது. சார் மடிப்புக் கலையாமல் வந்தார். கூடவே சங்கத்துப் பையன்கள் இரண்டு பேர். கடிதம் சேட்டின் மேஜையில் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? மாட்டார். பையன்கள் பார்க்கிறார்களே! அதே மாடல் வண்டி ஒன்று ஸ்டாண்டில் நின்றது. சாவியைப் போடச் சொன்னார். மீட்டரில் நியூட்ரல் என்று காட்டுகிற பச்சை விளக்கு எரிந்தது. ஏறி உட்கார்ந்தார்.

"பாத்துக்கோங்க. ஆட்டோ வர்றான். நான் இதோ, இப்படி மிதிச்சேன்." வலது காலை நாசூக்காக எடுத்து பிரேக்கின் மேல் வைத்து மிதித்தார். "ஒண்ணும் பிடிக்கல." மறுபடி மிதித்துக் காட்டினார். பையன்கள் தலையாட்டினார்கள். "இருபத்தஞ்சு வருஷம் ஓட்டினவன் நான். எனக்குக் காலு தெரியாதா?"

அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பக்கத்துப் பெஞ்சில் ஸ்பேனரும் சாக்கெட்டும் நிரம்பிய இரும்புத் தட்டு இருந்தது. எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் பின்னால் சிமெண்ட் தரையில் தலை உயரத்திலிருந்து போட்டேன்.

கடையே அதிர்ந்தது. சாரின் இடது கால் ஓங்கி மிதித்தது.

பச்சை விளக்கு அணைந்தது.

எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள். அப்புறம் காலைப் பார்த்தார்கள். கால் இன்னும் கியர் லீவரை அமுக்கிக்கொண்டே இருந்தது. வலது கால் பேசாமல் தொங்கியது. சங்கத்துப் பையன்களில் ஒருவன் குபீரென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

"சாஹேப்," என்றார் தாம்ளே சேட், ரொம்ப மரியாதையாக, மராத்தியில். "ஹா கோணதா பாய்?" இது எந்தக் கால் என்று கேட்டார்.

சார் வண்டியை விட்டு இறங்கினார். என் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குப் புரியக் கூடாதென்று தமிழில் பல்லைக் கடித்தார்.

"நீயாம்மா? உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?"

"ஒரு குறையும் வெக்கல சார். கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க, எந்தக் கால்னு எழுதி."

போடவில்லை. கடிதத்தை சேட்டே கிழித்தார். சார் மன்னிப்பும் கேட்கவில்லை, ஒரு மண்ணும் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். அதற்கப்புறம் இன்னும் பத்து வருஷம் அவர் அதே ஐ.டி. பையன்களுக்கு வேறு கடை வாசலில் டிக்ளர் பாடம் நடத்தினார் என்று கேள்வி. அந்த ஜென்மம் திருந்தாது.

திங்கட்கிழமை காலை ரஃபீக் பாய் வேலைக்கு வந்தார். எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டு நான் தட்டைப் போட்ட கதையை நடித்துக் காட்டினார்கள். அவரும் சிரித்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, சொல்வதற்கென்ன. மத்தியானம் மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டே என் கவுண்ட்டர் பக்கம் வந்தார். டீ வரவழைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கவுண்ட்டரிலிருந்து கேட்டைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"அக்கா, அன்னைக்கே நீங்க பாத்தியள்லா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நெனைச்சேன்" என்றார். "இன்னைக்குச் சொல்லுவிய, நாளைக்குச் சொல்லுவியன்னு ஒரு வாரமும் போன் பக்கத்துலயேதான் உக்காந்துருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டியின் ஜாப் கார்டைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.