எட்டாவது வரி

காலை ஆறு ஐம்பது. கட்டுப்பாட்டு அறைக் கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டது, பக்கத்து மேஜையில் அவள் திரையின் இடது ஓரத்து மெனுவிலிருந்த எட்டாவது வரி. முந்தின நாள்வரை எங்கள் இரண்டு பேர் திரையிலும் ஏழுதான். பாஸ்சரைசர், பாய்லர், குளிர்நீர், அலாரம், ட்ரெண்ட், ரிப்போர்ட், உதவி. இப்போது அவளுக்கு மட்டும் ‘உதவி’க்குக் கீழே இன்னொன்று: யூசர்ஸ்.

தில்லியின் மேற்கு எல்லையில் ஒரு பால் பதப்படுத்தும் ஆலை. நாங்கள் இருவரும் அங்கே ஒரே மாதத்தில் சேர்ந்தோம். படிப்பும் ஒன்றுதான், இன்ஸ்ட்ருமென்டேஷனில் டிப்ளமா. நான் திருச்சிக்காரி, ஆர்.கே.புரத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். அவள் திருநெல்வேலி, துவாரகாவிலிருந்து மெட்ரோ. பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டபோது, அதன் நிர்வாகத்தைக் கற்க ஒருவரைப் புனே அனுப்புவதாக மேனேஜர் சொன்னார். அவளை அனுப்பினார். ஏன் அவள் என்று நான் கேட்கவில்லை. விமானத்தில் கொடுத்த உப்புக்கடலைப் பொட்டலத்தை எனக்காகப் பிரிக்காமல் கொண்டுவந்திருந்தாள். மேஜை டிராயரில் போட்டேன். வெகுநாள் அங்கேயே கிடந்தது.

புதிய மென்பொருளில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிலை எண் உண்டு. எனக்கு மூன்று, அவளுக்கு ஐந்து. மெனுவின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் கொடுக்க வேண்டும். அதற்குக் குறைந்த நிலையில் இருப்பவர்களுக்கு அந்த வரி கிடையாது. யாருக்கு எது என்று முடிவு செய்வதுதான் அவளுடைய புது வேலை. யார் எந்த நிலை என்பதை மாற்றும் இடம் அந்த யூசர்ஸ்.

“ஏளா, ஒன்னு கேக்கணும். அனுமதி இல்லாத வரிய மொத்தமா மறைச்சிரவா, இல்ல மங்கலா காட்டவா?”

“மறைச்சிடு.”

“மங்கலா இருந்தா அப்படி ஒன்னு இருக்குன்னாவது தெரியும்லா?”

“அதுக்குத்தான் மறைக்கச் சொல்றேன்.”

அவள் சிரித்தாள். வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்திருப்பாள்.

மறைத்ததால் பெரிய பலன் இல்லை. அவள் மேஜை என் மேஜைக்குப் பக்கத்தில்தான். எட்டாவது வரியின் மேல் அவள் அம்புக்குறி போய் நிற்கும்போதெல்லாம் என் கழுத்து தானாகத் திரும்பும். மென்பொருள் கம்பெனி ஆள் போன் செய்தால் அவளைத்தான் கேட்பான். நான் எடுத்தால், “மேடம் இல்லையா?” என்பான். ஒன்பதிலிருந்து ஆறு வரை ஜெனரல் ஷிஃப்டில் வரும் ஹரியானாக்காரர் டீ கிளாஸோடு அவள் மேஜை முன்னால் வந்து கும்பிடுவார்.

“அட்மின் மேடம்ஜி, இந்த ஏழைக்கும் ஒரு பட்டன் போடுங்க. புண்ணியமா போகும்.”

“உங்களுக்கு இருக்கிற பட்டனையே நீங்க அமுக்குறதில்ல பையா.”

அறையே சிரிக்கும். அந்தப் பதில் எனக்கு முதலில் தோன்றவில்லையே என்றிருக்கும்.

ஒரு வியாழக்கிழமை காலை மேனேஜர் வந்தார். ஆபரேட்டர்களின் திரையில் வேண்டாத வரி எதுவும் தெரியவில்லையே என்று சரிபார்க்கச் சொன்னார். சோதனைக்கென்று ஒரு பெயரை உண்டாக்கி, அதற்கு மூன்றாம் நிலை கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அவள் தன் பெயரையே ஐந்திலிருந்து மூன்றுக்கு இறக்கிச் சேமித்துவிட்டு, வெளியே வந்து மறுபடி உள்ளே போனாள். ஏழு வரிகள் தெரிந்தன. “சரியா இருக்கு சார்” என்றாள்.

மேனேஜர் போனபின் திரையின் இடது ஓரத்தில் எட்டாவது வரியைத் தேடினாள். தன்னை மறுபடி ஐந்துக்கு ஏற்ற யூசர்ஸ் வேண்டும். யூசர்ஸ் ஐந்தாம் நிலைக்குத்தான் தெரியும். ஆலையில் ஐந்தாம் நிலை அவள் ஒருத்திதான். மென்பொருள் கம்பெனிக்காரர்களின் கணக்கு ஒன்றும் ஐந்தில் இருந்தது. வெளியாள் பெயர் உள்ளே இருக்கக் கூடாது என்று மேனேஜர் சொன்னதால், அதைப் போன வாரம் அவளே நீக்கியிருந்தாள்.

“ஏளா,” என்றாள். “நான் கதவ வெளியே இருந்து பூட்டிட்டு, சாவிய உள்ள வச்சிட்டேன்.”

புனேயிலிருந்து ஆள் வந்து மென்பொருளின் பழைய பிரதியை ஏற்ற வேண்டும். அதுவரை புது ஆட்களுக்கு உள்நுழைவு கொடுக்க முடியாது. ஏற்றும்போது ஆலையை நிறுத்த வேண்டும், பால் டேங்கர்கள் கேட்டில் வரிசை கட்டும். அதன்பின் எட்டாவது வரி அவளிடம் இருக்குமா என்பது சந்தேகம். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூடவே வேறொரு கணக்கும் மனதில் ஓடியது. அவள் இல்லையென்றால் அடுத்தது யார்?

பாய்லர் அறையில் அழுத்தம் பார்த்து வர எழுந்து போனேன். அங்கும் ஒரு திரை உண்டு. எங்கள் ஆலையில் யாரும் திரையிலிருந்து வெளியேறுவதில்லை. காலையில் ஒருவர் உள்ளே போனால் அடுத்து வருபவர் அப்படியே தொடர்வார். கடவுச்சொல்லைத் திரும்ப அடிப்பதை வேலைக்கு இடைஞ்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பாய்லர்காரர் திரையின் மேல் கையுறைகளைக் காயப்போட்டிருந்தார். அவற்றை எடுத்தேன். மேல் மூலையில் அவள் பெயர், பக்கத்தில் ஐந்து. காலையில் அங்கே ஏதோ பார்க்க உள்ளே போனவள், வழக்கம்போல் அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள். நிலையை மாற்றினால் அடுத்த முறை உள்ளே போகும்போதுதான் அது நடப்புக்கு வரும். இங்கே இன்னும் பழைய ஐந்து ஓடிக்கொண்டிருந்தது.

இடது ஓரத்தில் எட்டு வரிகள். உட்கார்ந்து யூசர்ஸைத் திறந்தேன். பெயர்கள் வரிசையாக வந்தன. என் பெயரை அமுக்கினேன். அந்த வரி நீலமானது. பக்கத்தில் வெள்ளைப் பெட்டிக்குள் மூன்று. அதை அழித்து ஐந்து என்று அடித்தால் போதும். பிறகு நானே என் பெயரில் உள்ளே போய் அவளையும் ஏற்றிவிடலாம். அல்லது ‘வெளியேறு’ என்பதை ஒரு முறை அமுக்கலாம். அப்படி ஒரு வழி இருந்ததே யாருக்கும் தெரியாமல் போகும்.

பாய்லர் இரைச்சலில் பாய்லர்காரர் எதையோ கத்திக் கேட்டார். நான் இன்டர்காமை எடுத்தேன்.

“பாய்லர் ரூமுக்கு வா. ஜல்தி.”

ஓடி வந்தாள். திரையைப் பார்த்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். தன் வரிக்குப் போகுமுன் அவள் கை ஒரு கணம் நின்றது. நீலமாக இருந்தது என் பெயர். அவள் அதைப் பார்த்தாள், நான் கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தன் மூன்றை ஐந்தாக்கிச் சேமித்தாள்.

“நீ மட்டும் இல்லன்னா…” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நடந்ததை மேனேஜரிடம் அவளே சொன்னாள். அவர் திட்டிவிட்டு, இனி ஐந்தாம் நிலையில் இரண்டு பேர் இருக்க வேண்டும், இரண்டாவது ஆளை நீயே சொல் என்றார். அந்த வாரம் முழுக்க நான் அவளுக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தேன்.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து கேட்டை நோக்கி நடந்தபோது சொன்னாள்.

“ரெண்டாவது ஆளுக்கு ஹரியானாக்காரர் பேரக் குடுத்திருக்கேன்.”

“அச்சா.”

“நாம ரெண்டு பேரும் ஒரே ஷிஃப்ட்லா. அவரு ஜெனரல். நாம இல்லாத நேரத்துல ஒரு ஆள் வேணும்.”

“சரிதான்.”

“வேற ஒன்னும் இல்ல.”

“நான் ஒன்னும் கேக்கலையே.”

பஸ் வந்தது. அவள் மெட்ரோ பக்கம் திரும்பினாள்.

திங்கட்கிழமை காலை என் திரையில் ஏழு வரிகள் இருந்தன. புதிதாக அவள் ஒரே ஒரு மாற்றம் செய்திருந்தாள். ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் ஆலையிலுள்ள எல்லாத் திரைகளும், பாய்லர் அறைத் திரை உட்பட, தாமாகவே வெளியேறிவிடுகின்றன.