முதுகு போனவள்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கம்பெனி மைதானத்தில் ஒரு பந்தைத் தடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. இடுப்புக்கு மேலே சுள்ளென்று இழுத்தது, அவ்வளவுதான். விசில் ஊதி ஆட்டம் நின்ற பிறகும் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றித் தரையைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தேன். கோல் கீப்பர் அக்கா காலில் கட்டிய பெரிய பேடுகளோடு தத்தக்கா பித்தக்கா என்று ஓடி வந்து, "இன்னாடி ஆச்சி?" என்றாள். "ஒண்ணும் இல்லக்கா, நிமித்தி உடு" என்றேன். நிமிர்த்தினாள். நான் போட்ட கூச்சலில் எதிரணிக்காரிகளே பயந்துவிட்டார்கள். ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் என்னைக் குறுக்கே கிடத்தி வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், பாகங்களைச் சரிபார்க்கும் வரிசையில் நிற்பது என் வேலை. கம்பெனிக்குப் பெண்கள் ஹாக்கி டீம் உண்டு. அதில் நான் பின்வரிசைத் தடுப்பாட்டக்காரி. பெனால்டி கார்னர் வந்தால் எதிரணி கோலைப் பார்த்து ஓங்கி அடிக்கும். கோல் கீப்பரும் நாங்கள் நாலு பேரும் கோல் கோட்டில் நின்று மறிக்க வேண்டும். இடது கம்பத்தடி என்னுடையது. அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஜுரத்தோடு நின்றிருக்கிறேன், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்து நின்றிருக்கிறேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "டிஸ்க் பிதுங்கியிருக்கும்மா. இனிமே ஹாக்கி வேணாம். ஆசையா இருந்தா கேரம் ஆடுங்க" என்றார். கேரமாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து போயிருப்பேன், எழுந்திருக்கத்தான் முடியவில்லை. வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். ஹாக்கி இல்லாவிட்டால் நான் யார்? ஷிப்டுக்குப் போகிற, ஷிப்டிலிருந்து வருகிற ஒருத்தி. ஊரில் நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்ப்பது அந்த மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும்போதுதான்.

எங்களுக்குப் பயிற்சி தரும் மாஸ்டர் மறுநாள் பார்க்க வந்தார். நல்ல மனுஷன், ஆனால் வளைத்துப் பேசத் தெரியாது. "மழ ஆரம்பிச்சா கிரவுண்டு குளம்தான். பொங்கல் கழிச்சி காஞ்சதும் மொத மேட்ச். நின்னா நீ ஆடு. நிக்கலன்னா உன் எடத்துல வேற பொண்ணு ரெடியா இருக்கா, தப்பா நெனச்சிக்காத" என்றார். "என் எடத்துல எவளும் நிக்க மாட்டா மாஸ்டர்" என்று படுத்தபடியே சொன்னேன்.

மழைக்காலத்தில் மற்றவர்கள் பஜ்ஜி தின்று உடம்பை ஏற்றிக்கொள்வார்கள். நான் அப்படியில்லை. ஒவ்வொரு வருஷமும் ஏரிக்கரையில் ஓட்டம், வாசலில் ஸ்கிப்பிங், அது முடிந்ததும் இருபத்தஞ்சு கிலோ அரிசிச் சிப்பத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்து எழுவேன். தெருவே வேடிக்கை பார்க்கும். எனக்கு அதில் பெருமை தாங்காது. அந்தச் சிப்பக் கதையைக் கேட்டதும் வலிக்காக டாக்டர் அனுப்பிவைத்த பிசியோதெரபி அம்மணி தலையிலேயே கை வைத்துக்கொண்டார். "ஆடலாம். ஆனா நான் சொல்றத மட்டும்தான் செய்யணும்" என்றார். ஆடலாம் என்று ஒருவர் வாயிலிருந்து வந்ததே, அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அவர் சொன்னதெல்லாம் சின்னச் சின்ன வேலை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்க வேண்டும். பிறகு குப்புறப் படுத்து, முழங்கையும் கால்விரலும் மட்டும் தரையில் பட, உடம்பைப் பலகை மாதிரி நிறுத்த வேண்டும். இதெல்லாம் ஒரு பயிற்சியா என்று இளக்காரமாகத்தான் ஆரம்பித்தேன். முதல் நாளே கை கால் வெடவெடவென்று நடுங்கி, மூக்கு தரையில் இடித்தது. சிப்பம் தூக்கியவளுக்கு வந்த கதியைப் பாருங்கள்.

எங்கம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "குக்கர் வெச்சிக்கிறேன். விசில் வர்ற வரிக்கும் நில்லு" என்றாள். அதுவே வழக்கமாகிவிட்டது. நான் தரையில் பலகையாக நிற்பேன். விசில் வந்ததும் பொத்தென்று விழுவேன். வாரம் போகப் போக விசில் தாமதமாகிக்கொண்டே வந்தது. குக்கருக்கு கேஸ்கெட் போய்விட்டதோ என்று நினைத்தேன். ஒருநாள் தலையைத் திருப்பிப் பார்த்தால், அம்மா சத்தமில்லாமல் அடுப்பைச் சிம்மில் வைக்கிறாள்!

"எம்மா! இன்னா பண்ற நீ?"

"பேசாத நில்லு. பருப்பு வேகல."

"பருப்பா? தெனமும் இப்டிதான் ஏமாத்திக்கினு இருந்தியா?"

"நின்னியா இல்லியா? அத்தச் சொல்லு."

நின்றிருந்தேன். அதுதான் எனக்கே ஆச்சரியம்.

எங்கம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவாலங்காட்டுப் பக்கம் பிறந்து, கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள். இப்போது வேறொரு கம்பெனியின் கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறாள். நான் ஆடி அவள் ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை. "பந்து பட்டு நீ உழுந்தா என்னால பாக்க முடியாது" என்பாள். எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு.

அந்தக் கடைசி ஆட்டத்தைக் கோல் கீப்பர் அக்காவின் வீட்டுக்காரர் போனில் எடுத்திருந்தார். அதை அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"இன்னாடி இது? ஹாக்கின்னு சொல்லிக்கினு நாத்து நட்டுக்கினு இருக்கற?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "லோவா, நல்லா குனிஞ்சி ஆடணும்மா. மாஸ்டரே என்னத்தான் காட்டி மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுப்பாரு. உனக்கு இன்னா தெரியும்?"

"குனியறது எனக்குத் தெரியாதா? அவளுங்கல்லாம் ஆடுறாளுங்க. நீ ஒருத்திதான் நடவு நடுற." போனை என் மடியில் வைத்தாள். "நீ இப்டிக் குனியக் கூடாதுன்னுதான இஸ்கூலுக்கு அனுப்ச்சேன்."

அவள் எழுந்துபோன பிறகு மறுபடி போட்டுப் பார்த்தேன். மற்றவர்களும் குனிந்துதான் ஆடினார்கள். ஆனால் அவர்கள் முழங்காலை மடக்கியிருந்தார்கள், தலை மேலே இருந்தது. நான் மட்டும் இடுப்பில் இரண்டாக ஒடிந்து, மூக்கால் பந்தை மோந்துகொண்டு நின்றேன். ஏன் இப்படி என்று யோசித்தபோது கண் கதவு மூலைக்குப் போனது. அங்கே சாய்ந்திருந்தது என் ஸ்டிக்.

ஒன்பதாவது படிக்கும்போது மாவட்டப் போட்டியில் ஜெயித்துப் பரிசாக வாங்கியது. டேப்புக்கு மேல் டேப்பாகச் சுற்றி அதே மட்டையில்தான் ஆடிவந்தேன். ராசியான மட்டை, வேறு எதையும் தொட மாட்டேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நான் ஒரு சாண் வளர்ந்தேன். மட்டை வளருமா? வேலையில் மேசை தாழ்வாக இருக்கிறது, முதுகு வலிக்கிறது என்று சூப்பர்வைசரோடு சண்டை போட்டு, மேசைக்காலுக்குக் கட்டை வைக்கச் செய்தவள் நான். வரிசையில் இருந்த அத்தனை பேரும் எனக்குக் கை தட்டினார்கள். அப்பேர்ப்பட்டவள், கையில் இருந்த மட்டையைப் பார்க்கவில்லை! வெட்கமாகவும் சிரிப்பாகவும் வந்தது.

மறு ஞாயிறே அந்த மட்டையோடு ரயிலேறி, விளையாட்டுச் சாமான் கடைகள் இருக்கும் சென்னைப் பெரியமேட்டுக்குப் போனேன். கடைக்காரர் ஒரு மட்டையை என் பக்கத்தில் நிறுத்தினார்; இடுப்பெலும்பைத் தொட்டது. என் பழைய மட்டை தொடையோடு நின்றது. "தங்கச்சிதா?" என்று கேட்டார். "ஆமா, தங்கச்சிதுதான்" என்று சொல்லிவிட்டுப் புதுசை வாங்கிக்கொண்டு வந்தேன்.

புது மட்டையோடு பட்ட பேஜாரு கொஞ்சமில்லை. பந்து காலில் இடித்தது, மட்டைக்கு அடியில் ஓடியது. மழை விட்ட நேரமெல்லாம் வீட்டுப் பின்சுவரில் டென்னிஸ் பந்தை அடித்து அடித்து, முழங்காலை மடக்கி முதுகை நேராக வைக்கப் பழகினேன். தலை தானாகத் தொங்கும், அம்மா உள்ளேயிருந்து "நாத்து!" என்று கத்துவாள். நான் நிமிர்வேன்.

பொங்கல் கழிந்து மைதானம் காய்ந்தது. முதல் பாதியில் மாஸ்டர் அந்த வேறு பெண்ணைத்தான் இறக்கினார். நன்றாகவே ஆடினாள், எனக்கு வயிறு எரிந்தது. இடைவேளையில் என்னைப் பார்த்து, "போ, நின்னு காட்டு" என்றார்.

உள்ளே போய் நின்றதும் அதிசயமாக இருந்தது. மைதானம் இவ்வளவு பெரியதா? எவள் எங்கே ஓடுகிறாள், எவள் யாரைப் பார்க்கிறாள், எல்லாம் தெரிந்தது. இத்தனை காலமும் பந்தை மட்டும்தான் பார்த்து ஆடியிருக்கிறேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கேன்டீன் சேலையிலேயே எங்கம்மா நின்றுகொண்டிருந்ததும் தெரிந்தது. வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆட்டம் முடியப்போகும் நேரம். நாங்கள் ஒரு கோல் முன்னால். எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. நான் இடது கம்பத்தடிக்குப் போனேன். வேலியோரம் யாரோ ஒரு ஆள், "அய்யய்யோ, அந்த முனையில நிக்கறது முதுகு போன பொண்ணுப்பா. அங்கதான் அடிப்பாளுங்க" என்றது எனக்கே கேட்டது.

அங்கேதான் அடித்தார்கள். அடிப்பவளின் தோள் திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, தலை நிமிர்ந்திருந்ததால். முழங்கால் உயரத்தில் பறந்து வந்த பந்தை, கம்பத்தை ஒட்டி மட்டையை இறக்கி நிறுத்தி, பக்கவாட்டில் வெளியே தள்ளினேன். முதுகில் ஒரு சுருக் இல்லை. கோல் கீப்பர் அக்கா என்னைக் கட்டிப்பிடிக்க வருவதற்குள், வேலிப் பக்கத்திலிருந்து கேன்டீன் வரிசையையே அடக்கும் அந்தக் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது:

"யார்யா முதுகு போன பொண்ணுன்னது? இப்பச் சொல்லுய்யா!"