மூன்று மைலில் கடல்

என்னைப் பெண் பார்க்க வந்தபோது, "எங்க தோட்டத்திலேருந்து கடல் மூணே மைல்" என்றார் என் மாமியார். அந்த ஒரு பேச்சில்தான் நான் சம்மதித்தேன்.

கல்யாணமாகி, மலாய் நாட்டுப் போர்ட்டிக்சன் பக்கத்திலிருந்த அந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்து பார்த்தால், எங்கள் வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம் அது. காட்டுக்குள் ஒளிந்திருந்த அவர்கள், அந்தத் தோட்டத்தில் வேலையை மேற்பார்த்த மண்டோர் ஒருவரைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அதற்குப் பிறகு கடலுக்குப் போகும் மண்பாதையைப் பட்டாளத்தார் அடைத்துவிட்டார்கள். காட்டுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, பால்மரம் சீவப் போகும் எங்களை வாசலில் நிறுத்தித் தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார்கள். வெறும் தேத்தண்ணி மட்டும் கொண்டு போகலாம்.

"மூணு மைல்னீங்களே அத்தை" என்று கேட்டால், "கடல் எங்கயும் ஓடிப் போயிடாதுலா" என்பார் மாமியார்.

மூன்றாம் வருஷம், எங்கள் பகுதி 'வெள்ளைப் பகுதி' ஆகிவிட்டது, இனி ஊரடங்கும் இல்லை, சோற்றுக்குத் தடையும் இல்லை, கடல் பாதையும் திறந்தாயிற்று என்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி எல்லோரையும் கூட்டிச் சொன்னார். அந்த வாரமே தோட்டத்துத் துரையிடம் கேட்டு லாரியை இரவல் வாங்கினோம். ஞாயிறு காலை முப்பது பேர் ஏறினோம். என் வீட்டுக்காரர்தான் ஓட்டினார். செத்துப்போன மண்டோரின் மனைவி வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். தலை சீவிப் பூ வைக்காமல், ஆனால் புதுச்சேலை கட்டி, அவரும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வாசலில் மலாய்க்காரக் காவலர் பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். மாமியார் லாரியிலிருந்தே புளிச்சோற்றுச் சட்டியின் மூடியைத் திறந்து காட்டினார்.

"நாசி, துவான். சோறுதான். நல்லா பாத்துக்குங்க."

காவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியார் அவர் கையில் ஓர் இலைப் பொட்டலத்தைக் கொடுத்தபின்தான் லாரி நகர்ந்தது.

கடலைப் பார்த்ததும் நான் கரையிலேயே நின்றுவிட்டேன். அவ்வளவு தண்ணீரை நான் எதிர்பார்க்கவில்லை. மாமியார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் நின்று கூப்பிட்டார்.

"வா புள்ள, கடிக்காது."

போய்க் கையைப் பிடித்தேன். வந்த அலையில் இரண்டு பேருமே விழுந்தோம். வாயெல்லாம் உப்பு. கரையில் நின்று சிரித்த என் வீட்டுக்காரரைப் போட்டிருந்த சிலுவார் சட்டையோடு தண்ணீருக்குள் இழுத்துப் போட்டோம். மண்டோரின் மனைவி மரநிழலில் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு பிள்ளைகளோடு கிளிஞ்சல் பொறுக்கப் போனார்.

மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில், வெயிலில் காய்ந்த பாதிப் பேருக்குத் தோல் எரிந்தது. அடுத்த மாதமும் லாரி கிடைக்குமா என்று மாமியார் கிராணியைக் கேட்டார். கிடைத்தது.