சந்தனம் பூசிய பென்டிரைவ்

முத்துக்கிருஷ்ணன் நாகல் நகரில் ஒரு த்ரீ-டி பிரிண்டர் வைத்திருக்கிறார். கணினியில் வரைந்ததை பிளாஸ்டிக் இழையால் அடுக்கடுக்காக எழுப்பிக் கையில் தந்துவிடும். தெருவில் அதற்குப் பொம்மை மிஷின் என்று பெயர். அந்தப் பெயர் போக வேண்டுமானால் கோவை பம்பு கம்பெனியின் ஆர்டர் கிடைக்க வேண்டும்.

கம்பெனி, இன்னும் சந்தைக்கு வராத பம்பின் சுழல்சக்கர வரைபடத்தை அனுப்பியது. கூடவே பாதுகாப்பு வழிகாட்டுதல். வரைபடம் வெளியே போனால் பொருளே களவு போன மாதிரி என்று முதல் பக்கத்தில் இருந்தது. களவு என்றதும் முத்துக்கிருஷ்ணனுக்கு மீதிப் பக்கங்கள் படிக்காமலே புரிந்துவிட்டன. கடைவீதிக்குப் போய் தேங்காய் அளவில் ஒரு பூட்டு வாங்கி மாட்டினார். கதவு லேசாகச் சாய்ந்தது. வழிகாட்டுதலை லேமினேட் செய்து சுவரில் தொங்கவிட்டார். ஆயுத பூஜையன்று அதற்கும் பொட்டு வைத்தார்.

பூஜைக்கு எதிர்க்கடை டோனி வந்தார். பிளக்ஸ் பேனர் அடிப்பவர்.

"ஏலே, அவனவன் அருவா, சுத்தியக் கொண்டாரான். நீ என்னத்தக் கொண்டாந்த?"

"எம் பொழப்பு இதுக்குள்ளதான இருக்கு மாப்ள." டோனி பென்டிரைவைத் தட்டில் வைத்தார். ஊரின் காதுகுத்தும் கண்ணீர் அஞ்சலியும் ஏறி இறங்கிய பென்டிரைவ்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததைக் கொண்டுதான் முதல் வேலையைத் தொடங்க வேண்டும். முத்துக்கிருஷ்ணன் சந்தனத்தைத் துடைத்து, கண்ணில் ஒற்றி, வரைபடத்தை அந்தப் பென்டிரைவில் ஏற்றி மிஷினில் செருகினார். முதல் மாதிரி பிசிறில்லாமல் வந்தது. பென்டிரைவை அப்படியே டோனியிடம் திருப்பிக் கொடுத்தார், சுண்டலோடு.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து சோதனைக்கு சௌந்தர்யா வந்தார். முத்துக்கிருஷ்ணன் பூட்டை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். சௌந்தர்யா தன் போனைக் காட்டினார். பஸ் ஸ்டாண்ட் வாசலில் எடுத்த பேனர் படம்.

"இது யாரு சார்?"

"எங்க வட்டச் செயலாளர் மேடம். பொறந்தநாளு. தங்கமான மனுசன்."

"தலைக்குப் பின்னாடி?"

தலைக்குப் பின்னால் ஒளிவட்டமாகச் சுழல்சக்கரம். அளவுகள்கூட அழியவில்லை.

டோனியைக் கூப்பிட்டார்கள். "பென்டிரைவுல இருந்துச்சு மாப்ள. சாமி சக்கரம்னு நெனச்சேன். அம்புட்டு அம்சம்."

சௌந்தர்யா மாதிரியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். முத்துக்கிருஷ்ணன் வாசல் வரை பின்னாலேயே போனார்.

"மேடம், பூட்ட ஒரு பய தொடல மேடம்."

அது உண்மைதான்.

மறுநாள் வட்டச் செயலாளரே நேரில் வந்தார். அவருக்கு அவரையே ஒரு முழ உயரத்தில் பொம்மையாக அடித்துத் தர வேண்டுமாம்.

"அந்தச் சக்கரத்தையும் சேத்து அடிச்சிரு அப்பு."