ஏரோப்ளேனுக்கு நூறு மில்லி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். விஜயதசமியன்று, பதினான்கு மாதம் உட்கார்ந்து செய்த என் விமானத்தின் மஞ்சள் நிறத்தை என் வேட்டியாலேயே துடைத்து எடுத்துவிட்டேன். நிறம் மொத்தமும் வேட்டிக்கு இடம் மாற நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

திரும்பும் வழியில் பல்லடத்தில் டீ குடிக்க இறங்கினேன். டீ மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊர்லீங்க நோம்பி? மஞ்ச நீராட்டு பலமாட்ட இருக்குது!"

"ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் கிறுக்குகள் பழக்கம். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. நான் ஐம்பது வயதைத் தாண்டியும் ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம் செய்கிறவன். பீளமேட்டில், ஏர்போர்ட் சுவருக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, விமானம் விட தாராபுரம் ரோட்டில் ஐம்பது கிலோமீட்டர் போகிறவன். வீட்டு மாடியிலிருந்து விட்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

என் விமானத்தில் இருப்பது எலுமிச்சம்பழம் அளவு இன்ஜின். அது குடிப்பது மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த ஒரு திரவம். பாதியை எரிக்கும்... மீதியை இறக்கை மேல் துப்பும். அந்தத் துப்பல் பட்டால் சாதாரண பெயின்ட் கரைந்து ஓடிவிடும். தாங்கக்கூடிய பெயின்ட் கிடைக்கிறது. ஆனால் எல்லாம் தின்னர் வாசம் அடிக்கிற ரகம்.

என் மனைவி சுமதிக்கு வீசிங் உண்டு. போன வருஷம், தூசி விழக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, படுக்கையறையில் ஒரு விமானத்துக்கு அந்த ரக பெயின்ட் அடித்தேன். என்ன மேதாவித்தனம்! சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நெபுலைசர் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். மாஸ்க்கைக் கழற்றியதும் சொன்னாள்:

"ஏனுங்க, உங்க ப்ளேனு பறக்கோணும்னா நான் மூச்சு உடறத நிறுத்தோணுமாட்ட இருக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இனி தின்னர் பட்ட எதுவும் வீட்டு வாசலைத் தாண்டாது என்று அங்கேயே வாக்குக் கொடுத்தேன். வாக்கும் வேண்டும், விமானமும் வேண்டும் என்றால் ஒரே வழிதான் – தண்ணீரில் கலக்கிற, ஆனால் எரிபொருளுக்கு அசையாத பெயின்ட்.

ஏழு கடை ஏறி இறங்கினேன். எட்டாவது, டவுன்ஹால் பக்கத்தில் அப்பாஸ் பாய் கடை.

"பாய், தண்ணியில கரையற பெயின்ட்டு வேணுமுங்க. ஆனா மெத்தனால் ஊத்துனா கரையக் கூடாது. வாசமும் வரக் கூடாது. மஞ்சக் கலர்ல, பளபளன்னு இருக்கோணும்."

பாய் மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "சார், நீங்க பெயின்ட்டு கேக்கறீங்களா, பொண்ணுக்கு மாப்பிள்ளை கேக்கறீங்களா? எதுக்கு அடிக்கப் போறீங்க?"

"ஏரோப்ளேனுக்கு."

கடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். பாய் பெரிய ஆர்டர் புத்தகத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "எத்தனை லிட்டர் சார்?"

"நூறு மில்லி போதும் பாய்."

புத்தகத்தை மூடிவிட்டார். ஆனாலும் நல்ல மனுஷர். மஞ்சளுக்கு ஒரு அக்ரிலிக் டப்பாவும், அதன் மேல் பூச இன்னொரு டப்பாவும் எடுத்து வைத்தார். "இது மரத்தரைக்கு அடிக்கிற தண்ணி வார்னிஷ். காஞ்ச பின்னாடி மேல எதைக் கொட்டினாலும் நிக்கும்னு கம்பெனிக்காரன் சொல்றான். நான் கொட்டிப் பாத்ததில்லை."

நான் கொட்டிப் பார்த்தேன். ஐஸ்க்ரீம் குச்சிகளில் விதவிதமாகப் பூசி, இங்க் ஃபில்லரால் எரிபொருளைச் சொட்டினேன். சுவர் எமல்ஷன் பாயசமாகியது. துணிக்கு அடிக்கும் பெயின்ட் உரிந்து வந்தது. பாய் கொடுத்ததைப் பூசிய குச்சியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு மறந்தே போனேன். ஒரு மாதம் கழித்துக் கண்ணில் பட்டது. சொட்டினேன். பத்து நிமிஷம் ஊறவிட்டுப் பழைய பனியனால் தேய்த்தேன். ம்ஹூம்... அசையவில்லை! சுமதியும் டப்பாவை இரண்டு தடவை மோந்து பார்த்து, "இதவிட மோர்கூட ஜாஸ்தி வாசம் அடிக்குமுங்க" என்று அனுமதி தந்தாள்.

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. கோயமுத்தூரில் ஆயுத பூஜை என்றால் சொல்ல வேண்டுமா? லேத்திலிருந்து கிரைண்டர் வரைக்கும் பொட்டு வைத்துக்கொள்ளும் ஊர். எங்கள் மாடல் விமான கிளப்பிலும் ஒரு வழக்கம். புது விமானம் பூஜையில் உட்காரும், மறுநாள் விஜயதசமியன்று முதல்முறை பறக்கும். அந்த நாளை விடுவேனா? பூஜைக்கு முந்தின நாள் மஞ்சள் அடித்து, மூன்று கோட் வார்னிஷும் பூசி முடித்தேன். ஒவ்வொரு கோட்டும் இரண்டு மணி நேரத்தில் காய்ந்தது. தொட்டால் ஒட்டவில்லை. மிக்ஸிக்கும் ஸ்கூட்டர் சாவிக்கும் நடுவில், மூக்கில் சந்தனம் குங்குமத்தோடு, மாப்பிள்ளைக் களையில் உட்கார்ந்திருந்தது என் விமானம்.

மறுநாள் அருமையாகப் பறந்தது. இறங்கியதும் இறக்கையெல்லாம் எண்ணெய். துடைக்கத் துணி எடுத்துப் போகவில்லை. வேட்டி முனையால் துடைத்தேன். மஞ்சள் வந்தது. பதறிப்போய் இன்னும் துடைத்தேன். இன்னும் வந்தது.

எங்கள் கிளப் அந்தோணிசாமி பக்கத்தில் வந்தார். பம்ப்செட் கம்பெனியின் பெயின்ட் பிரிவில் இருபது வருஷம் இருந்தவர். நகத்தால் ஒரு கீறு கீறினார்.

"எப்பங்க அடிச்சீங்க?"

"முந்தாநாத்து."

"ஏனுங்க, ஈஸ்டருக்கு நாங்க நாப்பது நாளு தவசு இருக்கறோம். உங்க பெயின்ட்டுக்கு ரெண்டு நாள் போதுமுங்களா? தொட்டா ஒட்டலீன்னா மேலாக்கத்தானுங்க காஞ்சிருக்குது. உள்ளார இறுகறதுக்கு ஒரு மாசமாவது ஆகும்."

குச்சிக்கு ஒரு மாதம் கிடைத்தது. விமானத்துக்கு நல்ல நாள்தான் கிடைத்தது.

அந்தோணி குரலைத் தாழ்த்தினார். "என்ற ஷெட்டுக்குக் கொண்டாங்க. தின்னர் கலந்து ரெண்டு கோட் ஸ்ப்ரே அடிச்சுத் தாரேன். பத்து வருசத்துக்கு அசையாது. வெளியவே அடிச்சுட்டா அம்மணிக்குத் தெரியவா போகுது?"

தெரியாதுதான். ஆனால் அடித்த விமானம் கடைசியில் எங்கே வந்து தொங்கும்? எங்கள் வீட்டில். வாரக்கணக்கில் வாசத்தை விட்டுக்கொண்டு. அந்த நெபுலைசர் மாஸ்க் ஞாபகம் வந்தது. "வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு மஞ்சள் வேட்டியோடு வண்டி ஏறினேன்.

வீட்டில் சுமதி முதல் காரியமாக வார்னிஷ் டப்பாவை எடுத்துத் திருப்பினாள். "முழுமையாக இறுக முப்பது நாட்கள்னு தமிழ்லயே போட்டிருக்குதுங்களே." அறுநூறு பக்க வரலாற்றுப் புத்தகத்தில் அடிக்குறிப்பைக்கூட விடாமல் படிக்கிறவன் நான். டப்பாவின் முதுகைப் படிக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால், காய்ந்ததையும் இறுகியதையும் ஒன்றென்று நினைக்கும் தப்பைப் பெயின்ட்டில் மட்டுமா செய்கிறோம்? சண்டை போட்ட இரண்டாம் நாள் மனைவி காபி கொடுத்துவிட்டால் சமாதானம் ஆகிவிட்டது என்று நினைக்காத கணவர் யார்? தொட்டுப் பார்த்தால்தானே தெரியும், இன்னும் ஈரம் என்று!

எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி அடித்தேன். பால்கனிக் கொடியில், துணிகளுக்கு நடுவே முப்பது நாள் தொங்கவிட்டேன். ஐப்பசி மழை வந்த போதெல்லாம் சுமதி துணியோடு சேர்த்து விமானத்தையும் உள்ளே எடுத்து வைத்தாள். போன ஞாயிறு, "அப்படி என்னதான் இருக்குதுன்னு நானும் பாக்கறேன்" என்று கூடவே கிளம்பியும் வந்தாள்.

பறந்தது. இறங்கியது. காற்று வரும் பக்கமாக நின்று, அவளே ஒரு வெள்ளைத் துண்டால் இறக்கையை அழுத்தித் துடைத்தாள். துண்டில் எண்ணெய் இருந்தது. மஞ்சள் ஒரு பொட்டுகூட இல்லை. அந்தோணி எனக்கு சல்யூட் அடித்தார். பதினான்கு மாதமும், எட்டு கடையும், ஒரு வேட்டியும் வீண்போகவில்லை என்று நெஞ்சு நிமிர்ந்தது.

காரில் திரும்பும்போது சுமதி கேட்டாள்: "உங்களுக்கு அப்பறம் ஒரு செவப்பு ப்ளேனு சத்தமே இல்லாமப் போச்சே... அது ஏனுங்க எண்ணெயே துப்பலை?"

"அது பேட்டரியில ஓடறது."

"அதுக்கு என்ன பெயின்ட்டு அடிப்பாங்க?"

"எதை வேணும்னாலும் அடிக்கலாம்..." சொல்லி முடிப்பதற்குள் எனக்கே குரல் இறங்கிவிட்டது.

சூலூர் தாண்டினோம். அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

"எட்டு கடை ஏறி பெயின்ட்டு கேட்டீங்களே... ஒரு கடையில பேட்டரி கேட்டிருக்கலாமில்லீங்க?"